புரோசஸ் இன்ஜினியர் என்றால் கிலாங்கில் (தொழிற்சாலையில்) என்ன வேலை?

அண்ணே, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மகள் நிபோங் திபால் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டார். குலிம் பக்கம் ஒரு கையுறை ஆலை அவருக்குப் புரோசஸ் இன்ஜினியர் வேலை தருகிறது. பாடாங் செராயில் அக்கம்பக்கத்தில் "கிலாங் வேலைக்கா நாலு வருஷம் படிக்க வச்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஸ்பேனர் பிடிக்கிற வேலையா, நைட் ஷிஃப்ட் உண்டா, பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்று மூன்று கேள்வி போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ் ஏறிப் போன நம் அக்காமார்களின் கிலாங் வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதுதானே நீங்கள் கேட்பது?

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். அம்மா பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார். படிப்பு முடிந்து மூன்று வருடம் செம்பனை ஆலையில் இருந்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாகக் கையுறை ஆலைகள். ஆகவே கையுறை பற்றிச் சொல்வதை நீங்கள் நம்பலாம். மற்ற ஆலைகள் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

முதலில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், இல்லாவிட்டால் வேலை புரியாது. ஒரு லைன் என்பது ஒரு நீளமான சங்கிலி. அதில் ஆயிரக்கணக்கில் பீங்கான் கைகள் தொங்கும், ஃபார்மர் என்போம். முதலில் ஆசிட், காரம், பிரஷ் எல்லாம் வைத்து அவற்றைக் கழுவுவார்கள். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, அடுப்பில், அதாவது அவனில், காய வைப்பார்கள். காய்ந்த கை பால் தொட்டியில் முங்கும். பீங்கானில் ஒட்டியிருக்கும் கால்சியம் பட்டதும் பால் அந்த இடத்திலேயே உறைந்து தோலாகப் படியும். தோட்டத்தில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைத்து ஷீட் போட்டார்களே, அதற்குச் சொந்தக்கார வேலைதான் இது. அங்கே தொட்டி முழுவதும் உறைய வேண்டும், இங்கே விரல் மேல் மட்டும் உறைய வேண்டும், தொட்டியில் இருப்பது பாலாகவே இருக்க வேண்டும். பிறகு சுடுதண்ணீரில் அலசுவது, விளிம்பைச் சுருட்டுவது, நூறு டிகிரிக்கு மேலே வேக வைப்பது, மறுபடி அலசுவது, கையில் வழுக்கிக்கொண்டு போவதற்காகக் குளோரின் தண்ணீரில் காட்டுவது அல்லது பாலிமர் பூசுவது. கடைசியில் உரித்து எடுப்பது. முன்பு வழுக்குவதற்குச் சோளமாவுப் பவுடர் போட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவக் கையுறைக்குப் பவுடர் 2017 ஜனவரியிலிருந்து தடை, அதனால் இந்தக் குளோரின் கட்டம் இன்னும் முக்கியமாகிவிட்டது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால், பால் என்று சொல்கிறேனே தவிர, இன்று பல லைன்களில் ஓடுவது மரத்துப் பாலே இல்லை. நைட்ரைல் என்று பெட்ரோலியத்திலிருந்து செய்கிற செயற்கைப் பால். மரத்துப் பால் ஓடும் லைனிலும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து டாங்கர் லாரியில் வந்த சரக்குதான். நம் ஊரைச் சுற்றி இருந்த பால் மரக் காடெல்லாம் செம்பனையான பிறகு, பக்கத்திலேயே கையுறை ஆலை இருந்தும் அம்மாவுக்குத் தெரிந்த பால் அங்கே இல்லை. அமோனியா வாடை மட்டும் அதே வாடை.

சரி, இந்த லைனில் யார் யாருக்கு என்ன வேலை? இயந்திரம் நின்றால் ஓட வைப்பது மெயின்டனன்ஸ் ஆட்கள். இன்றைக்கு எத்தனை கார்ட்டன் போனது என்பதற்குப் பதில் சொல்வது புரொடக்‌ஷன். சரக்கு நல்லதா கெட்டதா என்று சொல்வது கியூ.சி. இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒருவர் நின்று, நேற்று நன்றாக இருந்தது இன்றைக்கு ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்தான் புரோசஸ் இன்ஜினியர். ஸ்பேனர் பிடிக்கத் தேவையில்லை, பிடிக்கத் தெரிந்தால் மரியாதை கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் மகள் பார்க்கப்போவது பெரும்பாலும் எண்கள்: பாலின் திடப்பொருள் எத்தனை சதவீதம், பிசுபிசுப்பு எவ்வளவு, பி.எச். எவ்வளவு, கால்சியம் கரைசலின் அடர்த்தி, ஒவ்வொரு அவனின் வெப்பம், சங்கிலியின் வேகம். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். வேகத்தைக் கூட்டினால் அவனில் இருக்கும் நேரம் குறையும், நேரம் குறைந்தால் வேகாது, வேகாவிட்டால் இழுத்ததும் கிழியும். வேகாததற்காக வெப்பத்தைக் கூட்டினால் நிறம் மாறும், கேஸ் பில் ஏறும்.

காலையில் போனதும் இரவு ஷிஃப்ட்டின் லாக் புத்தகம். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் நின்று இன்றைக்கு எந்த நிரை, யார் வரவில்லை என்று கணக்கு எடுப்பார்களே, அது மாதிரி ஒரு பத்து நிமிடக் கூட்டம். பிறகு லைனைச் சுற்றி ஒரு நடை. என் அனுபவத்தில் அந்த நடைதான் வேலை, மீதி நேரம் அதற்கு விளக்கம் எழுதுவது. கம்ப்யூட்டர் திரையில் எல்லா எண்ணும் வந்துவிடுகிறதே, நடப்பதற்கு என்ன இருக்கிறது என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பு போனது எப்படி என்று சொன்னால் வேலை என்ன என்பதும் உங்களுக்குப் பிடிபடும்.

ஒரு வருடம் அக்டோபர் மழை. ஒரே ஒரு லைனில், அதுவும் இரவு ஷிஃப்ட்டில் மட்டும், பின்ஹோல் ஏறத் தொடங்கியது. பின்ஹோல் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனை ஓட்டை. அதைக் கண்டுபிடிக்க ஒரு அறை இருக்கும். கையுறையைத் தொங்கவிட்டு 1,000 மில்லி தண்ணீரை ஊற்றி 2 நிமிடம் பார்ப்பார்கள். ஒரு சொட்டு கசிந்தால் அது கழிவு. நான் பாலைச் சந்தேகப்பட்டேன். காற்றுக் குமிழி இருக்கிறது என்று முடிவுகட்டி, கலக்கும் வேகத்தைக் குறைத்தேன், வடிகட்டியை மாற்றினேன், பிசுபிசுப்பை இறக்கினேன். இரண்டு இரவு போனது. கழிவு குறையவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மூன்றாவது இரவு கோப்பி குடித்துவிட்டு அந்தத் தண்ணீர் அறைப் பக்கம் போனேன். பல வருடமாக அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா, நான் கேட்காமலே, "தம்பி, எல்லாம் விரல் சந்துலதான் ஒழுகுது, பாத்தியா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. என் அறிக்கையில் 'ஓட்டை இருக்கிறது, இல்லை' என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. எங்கே என்பதற்குக் கட்டமே இல்லை. உடனே என் கையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, ஒழுகுகிற இடத்தில் எல்லாம் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். விடியும்போது நாற்பது புள்ளிக்கு மேல் இருந்தது. ஏழெட்டைத் தவிர மற்றதெல்லாம் விரல்களுக்கு நடுவில்.

குமிழி என்றால் எங்கே வேண்டுமானாலும் விழும், விரல் சந்தையே தேடிப் போகாது. விரல் சந்தில் மட்டும் என்றால், கையிலேயே கடைசியாகக் காய்கிற இடம் அது. அப்படியானால் பாலில் முங்குவதற்கு முன்னால் கால்சியம் சரியாகக் காயவில்லை. ஆனால் அந்த அவனின் வெப்பம் திரையில் வழக்கம் போலவே இருந்தது, அரை டிகிரிகூட மாறவில்லை. போய் நின்று பார்த்தேன். வெளியே வரும் பீங்கான் கைகளின் நுனி வெளுத்துக் காய்ந்திருக்கிறது, சந்தில் மினுமினுவென்று ஈரம். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் ஏறிப் பார்த்துவிட்டு, ஊதுகிற ஃபேனின் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்றார். வெப்பம் பார்க்கும் சென்சார் பர்னர் பக்கத்தில் இருந்தது. அது இருந்த இடத்தில் சூடு சரிதான். காற்றுதான் கை வரைக்கும் போய்ச் சேரவில்லை. பகலில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் காய்ந்துவிட்டது. மழை இரவின் ஈரக் காற்றில் அதுவும் முடியவில்லை.

பெல்ட்டை இறுக்க இருபது நிமிடம்தான் ஆனது. அன்று இரவே ஓட்டை குறைந்தது. மேனேஜர் அறிக்கையை முடித்துக் கொடு என்றார். நான் கொடுக்கவில்லை. காரணம், அன்று சாயங்காலத்தோடு மழையும் நின்றுவிட்டது. குறைந்தது பெல்ட்டாலா, மழை விட்டதாலா? போதாததற்கு நான் பாலில் செய்த மாற்றங்களும் அப்படியே இருந்தன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தேன். மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அந்த வாரம் கெடாவிலேயே நானாகத்தான் இருக்கும். ஐந்தாம் நாள் ராத்திரி கொட்டியது. இரண்டு மணிக்கு எழுந்து போனேன். எண்ணிக்கை ஏறவில்லை. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அறிக்கையால் ஆலையில் நிலைத்தது இரண்டு விஷயம்: மாதம் ஒரு முறை ஊதுகாற்றின் வேகத்தை அளக்க வேண்டும் என்று ஒரு வரி, தண்ணீர் அறையில் கை படம் போட்ட தாள். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

இந்த வேலையில் கல்லூரிப் படிப்பு எவ்வளவு உதவும் என்று உங்கள் மகள் யோசிப்பார். வெப்பம் எப்படிப் பரவும், ஈரம் எப்படி ஆவியாகும் என்பதெல்லாம் தினமும் வரும். பெரிய சமன்பாடுகள் வருவது அபூர்வம். நான் கல்லூரியில் அலட்சியமாக விட்ட புள்ளியியல்தான் ஆலையில் சோறு போட்டது. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 1.5 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்றரை ஓட்டை இருந்தால் பரவாயில்லை என்று அதற்குப் பொருள் சொல்கிற ஆட்களை மேனேஜர் நாற்காலியிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு குவியலிலிருந்து எத்தனை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதில் எத்தனை கெட்டுப்போனால் மொத்தக் குவியலையும் தள்ள வேண்டும் என்ற கணக்கோடு கட்டிய எண் அது. சில கையுறைகளை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் பேசுகிறோம் என்ற பயம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அந்தப் பயம் இல்லாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேலை முழுவதும் துப்பறிதல் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் காசுக்கான இழுபறி. மணிக்கு 30,000 கையுறை எடுக்கும் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையுறையில் 0.1 கிராம் குறைத்தால் மணிக்கு 3 கிலோ, நாளைக்கு 72 கிலோ மிச்சம். ஒரே லைனில். இந்தக் கணக்கை மேலே இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் மெல்லிசாக மெல்லிசாக ஓட்டைக்கு இடம் கொடுக்கிறோம். நைட்ரைல் மருத்துவக் கையுறைக்கு அமெரிக்கத் தரம் கேட்கும் குறைந்தபட்சத் தடிமன் 0.05 மில்லிமீட்டர்தான், விளையாட அதிகம் இடமில்லை. எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர் புரோசஸ் இன்ஜினியர். "முடியாது" என்பதை எண்ணோடு சொல்லத் தெரிய வேண்டும், வெறும் வாயால் சொன்னால் எடுபடாது. எனக்கு அது வர ஆறேழு வருடம் ஆயிற்று. அதற்குள் இரண்டு தடவை, மனசுக்குத் தப்பு என்று பட்டும் தலையாட்டியிருக்கிறேன். ஒன்று திரும்பி வந்த கன்டெய்னரில் முடிந்தது.

இனி ஷிஃப்ட். பல ஆலைகளில் புரோசஸ் இன்ஜினியருக்குச் சாதாரணப் பகல் நேரம்தான். சில இடங்களில் முதல் ஒன்றிரண்டு வருடம் ஷிஃப்ட்டில் போடுவார்கள். இது ஆலைக்கு ஆலை மாறும், ஆஃபர் கடிதத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பகல் நேரம் என்று எழுதியிருந்தாலும் லைன் 24 மணி நேரமும் ஓடுகிறது, போன் வரும். சட்டம் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது: 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை செய்யச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றிருந்த பிரிவு, 2023 ஜனவரி 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதே திருத்தத்தில் வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 ஆனது. ஆகவே பெண் என்பதால் இரவு வேலை கிடையாது என்று இனி யாரும் சொல்ல முடியாது, மகளும் அதை நம்பி இருக்கக் கூடாது. வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு லுனாஸ் சாலையில் மோட்டார் சைக்கிளில் தனியாக வருவதை என் தங்கைக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கார் அல்லது கம்பெனி வண்டி இருந்தால் எனக்கு மறுப்பில்லை. சம்பளம் பற்றி எண் சொல்லப்போவதில்லை, நான் சேர்ந்த காலத்து வெள்ளிக் கணக்கு உங்களுக்கு உதவாது.

பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்பதற்கு: என்னிடம் பயிற்சி எடுத்த ஐந்து புரோசஸ் இன்ஜினியர்களில் மூன்று பேர் பெண்கள், அதில் ஒருவர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார். கஷ்டம் இருக்கிறது, அது ஆண், பெண் பார்க்காது. உள்ளே புழுக்கம். அடுப்பு வரிசை பக்கம் அரை மணி நேரம் நின்றால் சட்டை நனைந்துவிடும். தரை ஈரமாகவே இருக்கும், வழுக்கும். குளோரின் கட்டத்தில் காற்று உறிஞ்சும் அமைப்பு சரியாக ஓடுகிறதா என்பது விளையாட்டு விஷயம் இல்லை. அங்கே கண் எரிந்தால், பழகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த ஆலையில் சேர வேண்டாம். மற்றபடி ஆபரேட்டர்கள் பெரும்பாலும் நேப்பாளம், வங்காளதேசப் பிள்ளைகள். அவர்களோடு பேச்சு மலாயில்தான் நடக்கும், தப்பும் தவறுமாக இரு பக்கமும். இருபத்து மூன்று வயதுப் பெண் வந்து கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்லமாட்டார்கள். என்ன தப்பு நடந்தது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், யார் தலையில் விழுமோ என்ற பயம். இன்றைக்கு என்ன வித்தியாசமாக இருந்தது என்று கேட்டால் பேசுவார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கம்பக்கத்துக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு ஒன்றும் இல்லை. ஆம், இதுவும் கிலாங் வேலைதான். அந்தத் தண்ணீர் அறை அக்கா செய்ததும் கிலாங் வேலை. அவர் பார்த்ததை நான் எழுதினேன், சம்பளம் எனக்கு அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் இன்றும் உண்டு, அது தனிக் கதை.

அந்த மூன்றும் போகக் கடைசியாக நீங்கள் கேட்டது, இங்கே இரண்டு வருடம் இருந்துவிட்டு குலிம் ஹைடெக் பார்க்கிலோ பினாங்கு பாயான் லெப்பாஸிலோ சிப் ஆலைக்கு மாற முடியுமா என்று. போனவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். இரண்டு பேரும் சொன்னது, காரணம் தேடுகிற முறை அப்படியே உதவுகிறது, பொருள் பற்றிய அறிவை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது என்று. அந்த ஆலைக்குள் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை, ஆகவே அதற்கு மேல் நான் பேசுவது சரியில்லை. அங்கே இருக்கிற யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். எங்கே போனாலும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்வதை மகள் தள்ளிப்போட வேண்டாம். நான் ஒன்பது வருடம் தள்ளிப்போட்டு, பிறகு பழைய ஆலைகளின் கடிதங்களுக்காக அலைந்தேன். அதில் ஒரு ஆலை அதற்குள் மூடியே விட்டது.